12 பாகை: கடலுக்குள் ஒரு வேலி



சென்ற மாத உரைக்குப் பின் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ஒன்றிரண்டு பாகை வெப்பம் கூடினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? ஊரில் நாங்கள் காயாத வெயிலா?" நியாயமான கேள்விதான். நான் கணக்காளன், விலங்கியல் எனது துறையல்ல. ஆனால் ஒரு சிறிய எண் எங்கே எதைப் புரட்டிவிடும் என்று பார்ப்பது எனது தொழில். ஆகவே, நாம் வாழும் அவுஸ்திரேலியாவிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸ் கரையோரப் பாறைகளில் நீண்ட முட்களுள்ள கடல் முள்ளெலி ஒன்று வாழ்கிறது. வளர்ந்த முள்ளெலி பாறையை விட்டு அதிக தூரம் போவதில்லை. பயணம் போவது அதன் குடம்பிகள். குளிர்காலத்தில் பிறக்கும் இந்த நுண்ணிய குடம்பிகள் மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதக்கும். வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் கிழக்கு அவுஸ்திரேலிய நீரோட்டம் அவற்றைத் தெற்கே தஸ்மேனியா வரை தள்ளிச் செல்லும்.

ஆனால் நீர் 12 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் குடம்பிகள் சரிவர வளரமாட்டா. முன்னர் தஸ்மேனியாவின் குளிர்காலக் கடல் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே இருந்தது. அந்த நீரோட்டம் மேலும் தெற்கே நீண்டு கடல் சூடானபோது எல்லை தாண்டப்பட்டது. ஆக, இதுவரை வேலியாக நின்றது கோடை வெயில் அல்ல, குளிர்காலக் குளிர். 1978இல் தஸ்மேனியாவின் வடகிழக்குக் கரையில் முதல் முள்ளெலி காணப்பட்டது. 2016-17 ஆய்வில் கிழக்குக் கரையில் அவை சுமார் 2 கோடி என மதிப்பிடப்பட்டது.

அவற்றின் உணவு, கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசி. காடுபோல் வளரும் இதை நம்பித்தான் மீன்களும் அபலோன் சிப்பியும் சிங்கிறாலும் வாழ்கின்றன. முள்ளெலிகள் பெருகினால் இந்தக் காட்டை அடியோடு மேய்ந்து வெறும் பாறையாக்கிவிடும். கிழக்குக் கரைப் பாறைத்தளத்தில் 2001-02இல் சுமார் 3 வீதமாக இருந்த வெறும் பாறை, 2016-17இல் சுமார் 15 வீதமாகியது. கெல்ப் தீர்ந்த பின்னும் முள்ளெலிகள் சாவதில்லை; பாறையில் படியும் மெல்லிய பாசியைச் சுரண்டியே காலம் தள்ளும். எனவே பாதியை அகற்றினால் பாதிக் காடு திரும்பும் என்ற கணக்கு இங்கே சரிவராது. ஏறத்தாழ முழுவதையும் அகற்றினால்தான் காடு மீளும்.

இதற்கு வெப்பம் மட்டுமா காரணம்? இல்லை. அந்த நீண்ட முட்களைச் சமாளித்து முள்ளெலியைத் தின்னக்கூடியது பெரிய சிங்கிறால். பல்லாண்டு மீன்பிடியில் பெரிய சிங்கிறால்கள் அருகிப்போயிருந்தன. வெப்பம் கதவைத் திறந்தது. அந்த நேரத்தில் வீட்டில் காவல் இல்லை.

சிலர் முள்ளெலியை 'வந்தேறி' என்று திட்டுவார்கள். அந்தச் சொல் நமது காதுக்குப் பழக்கமானது. பிறந்த இடத்தில் அதுவும் ஒரு சாதாரணக் குடிமகன்தான். வெப்பநிலை மாறியதும் அது நகர்ந்தது. அதைத் தின்பவற்றையும் அது தின்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது விளங்கும்.

இப்போது இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். 2013 முதல் கிழக்குக் கரையில் சிங்கிறால் பிடிப்புக்கு உச்சவரம்பு உண்டு. அத்துடன், சுழியோடிகள் முள்ளெலிகளைப் பிடிக்க அரசு மானியம் கொடுத்திருக்கிறது. அவற்றின் சினை விலைபோகும் உணவு. கடலைக் குளிர்விக்க ஒரு கரையோர மக்களால் முடியாது. ஆனால் காவலைத் திரும்ப வைக்க முடியும்.

பாடசாலையில் படிக்கும் உங்கள் பிள்ளைகளோடு இதைப் பேசிப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.