நாடு போயிற்று, ஆட்டம் முடியவில்லை

1995-ஆம் ஆண்டு, அஞ்சல்வழி சதுரங்க ஒலிம்பியாட் ஒன்றின் முடிவு வந்தது. தங்கம் சோவியத் ஒன்றியத்துக்கு, வெண்கலம் கிழக்கு ஜெர்மனிக்கு. அப்போது அந்த இரண்டு நாடுகளுமே உலக வரைபடத்தில் இல்லை. 1987-ல் போட்டி தொடங்கியபோது இருந்தன. ஆட்டம் முடிவதற்குள் பெர்லின் சுவர் இடிந்தது, ஜெர்மனி ஒன்றானது, சோவியத் ஒன்றியம் கலைந்தது. அணிகள் மட்டும் பழைய பெயரிலேயே ஆடி முடித்தன.

இந்த விளையாட்டின் தனிநபர் உலகப் பட்டங்களும் இதே வேகத்தில்தான் தீர்மானமாகின. 13-வது உலகப் பட்டத்தின் இறுதிச் சுற்று 1989-ல் தொடங்கி 1998-ல்தான் முடிந்தது.

எப்படி ஆடுவது?

எதிராளி எங்கோ வேறொரு நாட்டில் இருப்பார். இருவர் வீட்டிலும் ஆளுக்கொரு பலகை. ஒருவர் தன் நகர்வை அஞ்சலட்டையில் எழுதிப் போடுவார். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். 10 நகர்வுகளுக்கு 30 நாள் என்பது அஞ்சல் காலத்தில் வழக்கமான கெடு. அட்டை வழியில் கழிக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. இப்படியே போனால் 40 நகர்வுள்ள ஆட்டம் சில ஆண்டுகளை விழுங்கிவிடும். அதனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர் எல்லா எதிராளிகளுடனும் ஒரே சமயத்தில் ஆடுவார்.

மொழியும் குறுக்கே நின்றது. குதிரையை ரஷ்யர் ஓர் எழுத்தால் குறிப்பார், ஜெர்மானியர் வேறோர் எழுத்தால். எனவே காய்களின் பெயரையே விட்டுவிட்டு எண்களுக்கு மாறினார்கள். வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழிருந்து மேலாக 1 முதல் 8. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறினால், அட்டையில் எழுத வேண்டியது 5254 மட்டுமே. அதாவது 52 என்ற கட்டத்திலிருந்து 54 என்ற கட்டத்துக்கு. உலகம் முழுக்க இது புரியும்.

நேருக்கு நேர் ஆடும்போது புத்தகத்தைப் புரட்டினால் வெளியேற்றிவிடுவார்கள். இங்கே புரட்டலாம், பலகையில் காய்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். கடிகாரப் பதற்றம் இங்கே இல்லை, ஞாபக சக்தியும் பெரிதாக உதவாது. தவறே இல்லாத நகர்வைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமைதான் இங்கே திறமை.

மன்றங்களிலிருந்து மகுடம் வரை

தொடக்கத்தில் ஊருக்கு ஊர் மோதினார்கள். 1824-ல் எடின்பரோவும் லண்டனும் தொடங்கிய போட்டி 1828 வரை நீண்டு எடின்பரோவின் வெற்றியில் முடிந்தது. ‘ஸ்காட்ச்’ என்று இன்றும் ஆடப்படும் தொடக்க முறைக்கு அந்தப் போட்டியால்தான் பெயர் வந்தது. 1834-ல் லண்டனுடன் மோதிய பாரிஸ்காரர்கள் ஆடிய தற்காப்பே ‘பிரெஞ்சுத் தற்காப்பு’ ஆனது.

1951-ல் சர்வதேச அஞ்சல்வழி சதுரங்கக் கூட்டமைப்பு உருவானது. 1953-ல் ஆஸ்திரேலியரான செசில் பர்டி முதல் உலகச் சாம்பியன் ஆனார். பெண்களுக்கான பட்டத்தை முதலில் வென்றவர் ரஷ்யாவின் ஓல்கா ரூப்ட்சோவா. இவர் 1956-ல் நேரடி ஆட்டத்திலும் மகளிர் உலகச் சாம்பியன் ஆனவர்.

இந்த வரலாற்றில் தனித்து நிற்பவர் ஐந்தாவது சாம்பியன் ஹான்ஸ் பெர்லினர். பெர்லினில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போன இவர், 1965 முதல் 1968 வரை நடந்த இறுதிச் சுற்றில் 16 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்தச் சுற்றில் யாகோவ் எஸ்ட்ரினை, அவர் கரைத்துக் குடித்திருந்த ‘இரு குதிரைத் தற்காப்பு’ முறையிலேயே கறுப்புக் காய்களுடன் வீழ்த்திய ஆட்டம் இன்றளவும் பேசப்படுகிறது. எஸ்ட்ரின் சாதாரண ஆளல்ல; பிற்பாடு ஏழாவது சாம்பியன் ஆனவர்.

அஞ்சலட்டை போய்க் கணினி

மின்னஞ்சல் வந்ததும் வரிசையே குழம்பியது. 18-வது பட்டத்துக்கான சுற்று மின்னஞ்சலில் நடந்து 2005-லேயே முடிந்துவிட்டது; 17-வது சாம்பியன் யாரென்று தெரிய 2007 ஆனது. 2004 முதல் கூட்டமைப்பு தன் சொந்த இணையத் தளத்திலேயே ஆட்டங்களை நடத்தத் தொடங்கியது. அங்கே வழக்கமான கெடு 10 நகர்வுகளுக்கு 50 நாள் என்றானது.

புத்தகத்தை அனுமதித்த விளையாட்டு கணினியையும் அனுமதித்தது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாராலும் கண்காணிக்க முடியாதே! ஆடுபவர்கள் கணினி சொல்வதை அப்படியே எழுதி அனுப்புவதில்லை. அது எங்கே மேலோட்டமாகப் பார்க்கிறது என்று துருவுகிறார்கள், நாள்கணக்கில் ஆராயவிடுகிறார்கள், பிறகு முடிவெடுக்கிறார்கள்.

ஆனாலும் விளைவு டிராவுக்கு மேல் டிரா. 17 பேர் ஆடும் இறுதிச் சுற்றில் 136 ஆட்டங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சமனில் முடிகின்றன. ஓரிரு வெற்றிகள் கிடைத்தால் பட்டமே கைக்கு வந்துவிடும்.

இந்த நிலைக்கு வழி போட்டவர்களில் அதே பெர்லினரும் ஒருவர். பட்டம் வென்றபின் கணினி அறிவியலுக்குப் போன அவர், 1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘ஹைடெக்’ என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். தவறே இல்லாத ஆட்டம் வேண்டும் என்றுதான் அஞ்சலட்டைக் காலத்தவர்கள் மாதக்கணக்கில் பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இப்போது ஜெயிப்பது இவ்வளவு கஷ்டம்.