ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஏன் இடமில்லை? இங்கிலாந்தின் விடுமுறை கிளப்புகளும் எங்கள் குடும்பங்களும்

கடந்த ஜூலையில் ஒரு இரவு, கிளிநொச்சியில் என்னோடு படித்த தோழி ஹரோவிலிருந்து அழைத்தாள். "ஹொலிடே கிளப்பில அஞ்சு வயசுக்கு மேல எண்டு போட்டிருக்கு. இவளுக்கு அஞ்சு முடிஞ்சு ஒன்பது மாசம். பிறந்த திகதியைக் கேட்டிட்டு, இல்லை, எடுக்கேலாது எண்டுட்டாங்களடி."

தாங்கள் தமிழர் என்பதாலோ, தன் ஆங்கிலம் விளங்காததாலோ மறுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். நானும் லண்டனில்தான் இருக்கிறேன். விதிமுறைகளை வாசிப்பது என் தொழிலில் பாதி. வாசித்துப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது.

இங்கிலாந்தில் பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிப்பது ஒஃப்ஸ்டெட் என்ற அரச அமைப்பு. அதனிடம் இரண்டு பதிவேடுகள் உள்ளன. ஒன்று சிறு பிள்ளைகளுக்கானது, மற்றது அதற்கு மேற்பட்டவர்களுக்கானது. இரண்டையும் பிரிக்கும் கோடு ஐந்தாவது பிறந்தநாள் அல்ல, ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பின் வரும் ஓகஸ்ட் 31. தோழியின் மகள் பிறந்தது ஒக்டோபரில். ரிசெப்சன் வகுப்பில் இருக்கும்போதே ஐந்து முடிந்துவிட்டாலும், அந்தக் கோடை விடுமுறை முழுவதும் சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் சிறு பிள்ளைதான். இரண்டாவது பதிவேட்டில் மட்டும் உள்ள கிளப் அவளை நாள் முழுக்க வைத்திருக்க முடியாது. விளம்பரத்தில் "5 வயது" என்று மட்டும் போட்டு இதை விளக்காமல் விடுவது அவர்களுடைய தவறு; அதற்காகத் தாய்மார் தங்களைக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

முதல் பதிவேட்டில் சேர எல்லா கிளப்பும் விரும்புவதில்லை. அதில் நிபந்தனைகள் கூட. இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு பணியாளர், மூன்று வயதானால் பொதுவாக எட்டுப் பேருக்கு ஒருவர் வேண்டும். பணியாளர்களின் தகைமை, முதலுதவிப் பயிற்சி என்று பட்டியல் நீளும். ஆறு கிழமை நடத்தும் ஒரு விளையாட்டு கிளப்புக்கு இது செலவு. அதனால் வயதெல்லையை உயர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இடைவெளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். நர்சரியில் இருக்கும்வரை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இடம் உண்டு. வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணி நேர இலவசப் பராமரிப்பும் உண்டு. பிள்ளை ரிசெப்சனுக்குப் போனதும் அது நின்றுவிடும். பாடசாலைக்கு ஆண்டில் சுமார் 13 கிழமை விடுமுறை. முழுநேரம் வேலை செய்பவருக்குச் சட்டப்படி கிடைக்கும் சம்பள விடுமுறை 5.6 கிழமை. கணவனும் மனைவியும் மாறி மாறி லீவு எடுத்தாலும் கணக்குச் சரிவராது.

மற்றவர்கள் இந்த இடைவெளியைப் பாட்டி, தாத்தாவை வைத்து நிரப்புகிறார்கள். என் தோழியின் அம்மா 2009இல் முள்ளிவாய்க்காலில் போய்விட்டார். மாமியார் வவுனியாவில் இருக்கிறார். விசிட் விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது. எங்களில் எத்தனை வீடுகளில் இதுதான் நிலைமை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பக்கத்து வீதி அக்காவிடம் காசு கொடுத்து விடுகிறோம். இது ஆபத்து. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தன் வீட்டில் காசுக்குப் பார்ப்பவர் சைல்ட்மைண்டராகப் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் அந்த அக்காவுக்குத்தான். பாட்டி, பெரியம்மா, சித்தி போன்ற நெருங்கிய உறவினருக்கு இந்த விதி இல்லை. மூத்த பிள்ளையிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவதும் ஊரில் போல் அல்ல. தனியே விடும் வயதைச் சட்டம் எண்ணாகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடிய விதமாக விட்டால் அது குற்றம். பார்க்கும் அண்ணனோ அக்காவோ 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பொறுப்பு பெற்றோரிடமே.

கேட்க வேண்டிய முதல் இடம் பிள்ளையின் பாடசாலை. பாடசாலை தானே நடத்தும் கிளப் என்றால், தன் மாணவர்களை எடுப்பதற்குத் தனியாக ஒஃப்ஸ்டெட் பதிவு வேண்டியதில்லை. வெளி கிளப் என்றால் "எத்தனை வயது" என்று கேட்காதீர்கள். "ரிசெப்சன் பிள்ளையை எடுப்பீர்களா, எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். பதிவு உள்ள இடமென்றால்தான் யுனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை திரும்பக் கேட்கலாம், அல்லது டக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கெயார் கணக்கில் நீங்கள் போடும் ஒவ்வொரு 8 பவுணுக்கும் அரசின் 2 பவுணைப் பெறலாம். இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது.

எங்கள் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இன்னொன்று. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஈஸ்டர், கோடை, நத்தார் விடுமுறைகளில் உணவோடு இலவச கிளப் நடத்த கவுன்சில்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. ஹஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ரிசெப்சன் முதல் 11ஆம் ஆண்டு வரையான பிள்ளைகளுக்கு அது. தகுதி, வருமான அடிப்படையிலான இலவச மதிய உணவு. இங்கேதான் பொறி. ரிசெப்சன் முதல் 2ஆம் ஆண்டு வரை அரச பாடசாலையில் எல்லோருக்கும் உணவு இலவசம் என்பதால், "சாப்பாடு கிடைக்குதுதானே" என்று படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறோம். படிவம் இல்லையென்றால் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. பொது நிதி பெற முடியாது என்று விசாவில் எழுதப்பட்ட குடும்பங்களும், வருமான வரம்புக்குள் இருந்தால், இந்த உணவுக்கு விண்ணப்பிக்கலாம். வதிவிடம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

எதுவும் சரிவராவிட்டால், நிறுவனத்தில் ஊழியராக இருப்பவருக்குச் சம்பளமில்லாத பெற்றோர் விடுப்பு உண்டு. ஒரு பிள்ளைக்கு மொத்தம் 18 கிழமை, ஆண்டில் 4 கிழமை வரை. 21 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். சம்பளமில்லாமல் வாடகை கட்டுவது எப்படி என்று தோழி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கடைசியில் மகளின் பாடசாலை கிளப்பில் மூன்று கிழமைக்கு இடம் கிடைத்தது. மிச்ச மூன்று கிழமையும் கணவர் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் பிள்ளையோடு இருந்தார். ஒக்டோபர் விடுமுறைக்கு, முதலில் மறுத்த அதே கிளப் எந்தக் கேள்வியும் இல்லாமல் அவளை எடுத்துக்கொண்டது.