பாறைக்கும் நாடி உண்டு!
தங்கவயலின் "ஏர்பிளாஸ்ட்" சொல்லும் பாடம்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர் எவருக்கும் "ஏர்பிளாஸ்ட்" என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் ஒரு நொடி கலகலக்கும். தகரக் கூரை அதிரும். பிறகு எல்லாம் அமைதியாகிவிடும். ஆனால் வீட்டு ஆண்பிள்ளை அந்நேரம் ஷிஃப்டில் இருந்தால் அந்த அமைதி பொறுக்க முடியாதது. எந்த ஷாஃப்ட், எந்த லெவல் என்ற சேதி வரும்வரை அந்த வீட்டில் உலை ஏறாது.

ஏர்பிளாஸ்ட் என்ற பெயரைக் கேட்டு, காற்று வெடிப்பதாக நினைத்துவிடக் கூடாது. வெடிப்பது பாறை. அது வெடிக்கும் வேகத்தில் காற்று சுரங்கப் பாதை நெடுகப் புயல்போல் பாயும். அதனால் வந்த பெயர் இது.

பாறை ஏன் வெடிக்கிறது?

ஒரு கன மீட்டர் பாறை சுமார் 2.7 டன் எடை இருக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பாரம் சுமார் 8,100 டன். சதுர அங்குலக் கணக்கில் பார்த்தால் ஐந்து டன்னுக்கும் மேல். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ சுமார் 3,200 மீட்டர் வரை இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று.

தங்கம் கலந்த கல்லை வெட்டி எடுத்ததும் அந்த இடம் வெற்றிடமாகிறது. அது தாங்கிய பாரம் முழுவதும் பக்கத்துப் பாறையின் தலையில் விழுகிறது. வெட்டாமல் விட்ட தூண்களும் மிச்சத் திட்டுகளும் இரட்டைச் சுமை தாங்குகின்றன. மண்ணாக இருந்தால் மெல்லச் சரிந்துவிடும். தங்கவயல் பாறையோ கெட்டியானது, வளையத் தெரியாதது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரே நொடியில் நொறுங்கித் தெறிக்கும். மர முட்டுக்கொடுத்தார்கள். கருங்கல் சுவர் எழுப்பினார்கள். பிற்காலத்தில் கான்கிரீட்டும் போட்டார்கள். அவ்வளவு செய்தும் தொல்லை முற்றிலும் தீரவில்லை.

1898 முதல் நடந்த கவனிப்பு

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் இங்கே தொழில் தொடங்கினார்கள். 1898இல் உரிகம் சுரங்கத்தில் பாறை வெடிப்பு முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அப்போது சுரங்கம் பிற்காலத்து ஆழத்தை எட்டியிருக்கவில்லை. 1904இல் மைசூர் சமஸ்தானத்து நிலவியல் துறையைச் சேர்ந்த டாக்டர் ஸ்மீத் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். பின்னர் நில அதிர்வை எழுதும் கருவியும் தங்கவயலுக்கு வந்தது.

ஒரே கருவியால் அதிர்வு வந்ததைச் சொல்ல முடியுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அதற்குப் பல இடங்களில் காது வேண்டும். 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒத்துழைப்போடு, தரைமேலும் சுரங்கத்தின் உள்ளேயும் அதிர்வு உணரும் கருவிகள் பொருத்தப்பட்டன. அதிர்வு ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு கணத்தில் சென்றடையும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து, வெடித்த இடத்தைக் கணக்கிட்டார்கள்.

பெரிய வெடிப்பு மட்டுமல்ல, மனிதர் காதுக்கு எட்டாத சின்னஞ்சிறு முறிவுகளும் பதிவாகும். ஓரிடத்தில் அவை திடீரெனப் பெருகினால் அங்கே பாறை திணறுகிறது என்று பொருள். எதிரெதிர்ச் சுவர்கள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்றும் அளந்து பார்ப்பார்கள். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல்தான் இதுவும். நாடி பார்த்ததும் நாள் குறித்துவிட முடியாது. ஆனால் ஆபத்து எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் ஆட்களை அங்கிருந்து விலக்கி வைக்கலாம். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் அமைக்கப்பட்டதற்கும் இந்த அனுபவமே அடிப்படை எனலாம்.

எண்ணெய்க் கிணற்றிலும் அதே நாடி

பூமிக்கடியில் இருப்பதை அழுத்தத்தைக் கொண்டு அறியும் வித்தை சுரங்கத்துக்கு மட்டும் சொந்தமல்ல. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களுக்கும் இது அன்றாட வேலை.

எண்ணெய்க் கிணற்றைச் சில காலம் ஓடவிட்டுச் சட்டென்று மூடிவிடுவார்கள். அடியில் இறக்கிய மானி, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பதிவு செய்யும். விரைவில் ஏறி நிலைத்தால் பாறையில் எண்ணெய் தாராளமாக ஊர்ந்து வருகிறது என்று அர்த்தம். மெல்ல மெல்ல ஏறினால் பாறை இறுக்கமானது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பழைய அளவைத் தொடவில்லையானால், உள்ளே இருந்த சரக்கு சிறிதாக இருந்து, எடுத்ததிலேயே குறைந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கை வரைபடத்தில் ஒரு நேர்கோடாக்கிப் படிக்கும் வழியை 1951இல் ஹார்னர் என்பவர் வகுத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

தங்கவயல்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டென்வர் நகருக்கு அருகே ராணுவத் தொழிற்சாலைக் கழிவு நீரை 1962இல் மூன்றரை கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள ஒரு கிணற்றில் செலுத்தத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே நிலம் அதிரத் தொடங்கியது. 1966இல் நீர் செலுத்துவதை நிறுத்தினார்கள். அதிர்வு உடனே நிற்கவில்லை. பெரிய அதிர்ச்சி 1967இல்தான் வந்தது!

காரணம் இதுதான். பாறை வெடிப்புகளின் இரு பக்கமும் மேல்பாரத்தால் ஒன்றோடொன்று இறுகி நிற்கின்றன. இடையில் புகும் நீர், ஜாக்கி லாரியைத் தூக்குவதுபோல் அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. இறுக்கம் தளர்கிறது, பாறை வழுக்குகிறது. இதைச் சோதிக்க 1969 முதல் 1973 வரை ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் நீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியபோது அதிர்வு பெருகியது. அதற்குக் கீழே இறக்கியபோது அடங்கியது.

நீர் நிரம்பும் சுரங்கம்

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாக இறங்கிய தமிழர்களுக்கு வேலை போயிற்று. இன்று பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு சென்று பிழைக்கிறார்கள். ஏர்பிளாஸ்ட் கவலையாவது தொலைந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

ஆனால் சுரங்கம் மூடினாலும் பாறை மூடிக்கொள்வதில்லை. பம்புகள் நின்றதும் வெட்டிய இடங்களில் நீர் ஏறியது. ஆயிரம் மீட்டர் உயரம் நீர் நின்றால் அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஆயிரம் டன் அழுத்தம். அந்த நீர் பழைய வெடிப்புகளில் புகுகிறது. மூடிய பிறகும் தங்கவயலில் நில அதிர்வுகள் பதிவாகியுள்ளன. மழை மிகுந்து சுரங்க நீர்மட்டம் ஏறிய காலங்களில் அவை கூடியதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

இதனால் பீதி அடைய வேண்டியதில்லை. அலட்சியமாக இருக்கவும் கூடாது. லைன் வீடுகளில் சுவர் விரிசல் கண்டால், அதிர்வு வந்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. கருவியின் பதிவோடு ஒப்பிட அது உதவும், அதிகாரிகளிடம் முறையிடும்போது ஆதாரமாகவும் நிற்கும். பழைய ஷாஃப்ட் வாய்களின் அருகே பிள்ளைகளை விளையாட விடவே கூடாது. சுரங்க நீர்மட்டத்தையும் அதிர்வையும் சேர்த்து அளக்கும் பணி ஒருநாளும் நிற்கக் கூடாது என்று ஊர்ப் பிரமுகர்களும் சங்கங்களும் வற்புறுத்த வேண்டும்.

தங்கம் வெட்டிய காலத்தில் பாறையின் நாடியைப் பார்க்கச் செலவு செய்தார்கள். தங்கம் போனபின் அந்தப் பாறையின்மேல் மிஞ்சியிருப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்காகவும் அந்த நாடியைப் பார்ப்பதுதான் நியாயம்.