செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொடுக்கட்டும், தரம்பிரிக்க வேண்டாம்

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கானது. ஊவா மாகாணத்தின் பதுளையும் மொனராகலையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்து எடுத்த புள்ளியையும் கொழும்பின் பெரிய கல்லூரியில் படித்து எடுத்த புள்ளியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே இந்த ஒதுக்கீட்டின் நியாயம். படித்த இடத்தின் பின்தங்கிய நிலை, பிள்ளையைக் கைதூக்கிவிடுவதற்கான காரணமாகிறது. 2020 ஓகஸ்டில் இங்கிலாந்தில் அதே வகைத் தகவல் நேர்மாறாகப் பயன்பட்டது. கொவிட் காரணமாக உயர்தரப் பரீட்சை நடக்காததால், பரீட்சை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்குவால் ஒரு கணிப்புச் சூத்திரத்தின் மூலம் பெறுபேறு வழங்கியது. ஒவ்வொரு பாடசாலையினதும் முந்தைய ஆண்டுகளின் பெறுபேறுகளும் ஆசிரியர் போட்ட தரவரிசையும் சூத்திரத்துக்குள் போயின. ஆசிரியர் மதிப்பிட்டதைவிடக் குறைந்த பெறுபேறுகள் ஏறத்தாழ 39 சதவீதம். வகுப்பு மிகச் சிறியதாக இருந்தால் ஆசிரியரின் மதிப்பீடே எடுக்கப்பட்டதால், தனியார் பாடசாலைகள் கூடுதல் பயன் பெற்றன. 13ஆம் திகதி பெறுபேறு வந்தது, மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள், 17ஆம் திகதி அரசு அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டது.

ஒஃப்குவால் பயன்படுத்தியது இன்றைய செயற்கை நுண்ணறிவு அல்ல, எளிய புள்ளிவிபரச் சூத்திரம்தான். ஆனால் கடந்ததை வைத்து வரப்போவதை ஊகிக்கும் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. பசறையிலோ லுணுகலையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றின் பழைய பெறுபேறுகளை இப்படியோர் இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன சொல்லும்? 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் பெரும்பாலும் ஓரிரு ஆசிரியர்களோடு ஓடிக்கொண்டிருந்த பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. இந்த வரலாறு எதுவும் புள்ளி அட்டவணையில் இருக்காது. குறைந்த புள்ளி மட்டும் இருக்கும். தோட்டப் பிள்ளை என்று யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை. பாடசாலையின் பெயர், முகவரி, கற்கும் மொழி ஆகியவை போதும், இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடும். மாவட்ட ஒதுக்கீட்டிலும் குறையுண்டு. பதுளை நகரத்துப் பிள்ளையையும் நமுனுகுலை மலைத் தோட்டத்துப் பிள்ளையையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. ஆனாலும் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி வாதாட இடமிருக்கிறது, ஏனெனில் விதி எல்லோர் கண்முன்னும் இருக்கிறது.

இதனால் செயற்கை நுண்ணறிவே மலையகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் கிடைக்காமை ஊவாவின் தோட்டப் பாடசாலைகளின் தீராத நோய். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டியிருக்கிறது. பகல் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு லயக் குடியிருப்புக்குத் திரும்பும் தாய், இருபடிச் சமன்பாட்டில் உதவ முடியாது. ரியூசனுக்குக் கொடுக்கவும் காசு போதாது. அந்த வீட்டில், ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும் துணையொன்று இரவு எட்டு மணிக்குக் கிடைப்பது சிறிய விடயமல்ல. ஆனால் அந்தத் துணை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கேட்டதும் விடையைச் சொல்லும் சாதாரண அரட்டைக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் முன்னேறினார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, கருவியையே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்னால் நின்றார்கள். விடையை மறைத்து, குறிப்பு மட்டும் கொடுக்குமாறு ஆசிரியர்கள் வடிவமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் ஏற்படவில்லை. பிழைகளைப் பிடித்துத் திருத்த ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குத்தான் முதல் வகைக் கருவி மிக ஆபத்தானது. இலவசமாகக் கைத்தொலைபேசியில் வருவதும் பெரும்பாலும் அதுதான்.

மொழியில் உள்ள சாய்வை இங்கே கிட்டநின்று பார்க்கலாம். நமது விஞ்ஞானப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. காபனீரொட்சைட்டு, ஒட்சிசன், கலம் என்று எழுதுகிறது. இணையத்திலுள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அதைப் படித்து வளர்ந்த கருவி ஒளிச்சேர்க்கை, கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், செல் என்று விடை சொல்லும். பௌதிகவியலைக் கேட்டால் இயற்பியல் வரும். இரண்டும் சரியான தமிழே. நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிவுபடுத்திவிடுவார். அவர் இல்லாத பிள்ளை புதிய பாடம் ஏதோ என்று நினைத்துத் தடுமாறும். இதே கருவியை விடைத்தாள் திருத்த வைத்தாலோ, நமது பாடநூல் சொல்லையே பிழையென்று கோடிடக்கூடும். ஆங்கிலத்திலும் தப்பிக்க முடியாது. இயந்திரம் எழுதிய கட்டுரையைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஏழு கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியதென்று குற்றம் சாட்டின. எளிய சொற்களில் எழுதியதே அவர்கள் செய்த தவறு. பதுளையில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் தமிழ், சிங்களப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஆபத்து பொதுவானது.

மனித ஆசிரியரும் பரீட்சகரும் மட்டும் பாகுபாடு அற்றவர்களா என்று கேட்பார்கள். இல்லைதான். ‘தோட்டத்துப் பிள்ளைதானே’ என்ற ஏளனத்தை மலையக மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அந்தக் குரல் கிடையாது என்பது உண்மையிலேயே ஓர் ஆறுதல். ஆனால் ஓர் ஆசிரியரின் ஓரவஞ்சனை ஒரு வகுப்பறையோடு நிற்கும், அவர்மேல் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் முறையிடலாம். கருவியின் ஓரவஞ்சனை ஒரே நாளில் எல்லாப் பாடசாலைக்கும் போகும். எதனால் புள்ளி குறைந்தது என்று கேட்டால் அதிபரிடம்கூடப் பதில் இருக்காது. கூரையும் மலசலகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பது இன்னும் கனமான கேள்வி. 2021இல், கொவிட் காலத்தில், பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள், இணையத் தொடர்பு தேடிக் காட்டுவழியே நடந்து மலைப்பாறையில் ஏறிப் பாடம் படித்த படங்களை உலகமே பார்த்தது. 43 இலட்சம் மாணவர்களில் அதிகபட்சம் 40 சதவீதத்தினரே இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது. ஆகவே கூரையும் ஆசிரியரும் முதலில் வரவேண்டும் என்பதில் மறுப்பில்லை. கருவியைக் காட்டி ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட்டால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டங்கள் காத்திருக்கும் காலத்தில் நகரத்துப் பிள்ளைகள் காத்திருக்கப்போவதில்லை; இடைவெளி இன்னும் அகலும்.

கல்வி அமைச்சு 2024இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 20 பாடசாலைகளில் 8ஆம் தரத்திலிருந்து செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவு இப்படி விரிவடையும்போது பயிற்சிக்கு உதவும் கருவிகளுக்குத் தாராளமாக வழிவிடலாம். புள்ளியிடுவதையும் மாணவரைத் தெரிவுசெய்வதையும் அவற்றிடம் கொடுக்கக் கூடாது. தனியாள் தரவுகள் பாதுகாப்பு பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை எழுத்தில் தருகிறது. லயத்தில் வாழும் பெற்றோர் அந்த உரிமையை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பலாம். எந்தக் கருவியும் ஊவாவுக்கு வருமுன், கடந்த பத்தாண்டுச் சாதாரண தரக் கணித, விஞ்ஞான வினாத்தாள்களைத் தமிழில் அதனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன் விடைகளைப் பதுளை, பண்டாரவளை, பசறைப் பாடசாலைகளின் தமிழ்மொழி மூல ஆசிரியர்களே திருத்தட்டும். பிழைகளின் பட்டியலை மாகாணக் கல்வித் திணைக்களம் பெற்றோருக்கும் தெரியும்படி வெளியிடட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வினாத்தாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன, திருத்தத் தேவையான சில ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.