வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்து டைனோஜெஸ்ட் மாத்திரை தொடங்கும் பெண்களில் பலர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் சில மாதங்களில் திட்டுத்திட்டாக உதிரம் பட்டால், ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று சிலர் நிறுத்துகிறார்கள். வலி போனதும் நோயே போய்விட்டது என்று வேறு சிலர் நிறுத்துகிறார்கள். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும் வளர்வதுதான் இந்த நோய். அதற்குத் தீனி ஈஸ்ட்ரோஜன். தினம் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் அந்தத் தீனியைக் குறைத்து நோயை அடக்கி வைக்கிறது, குணப்படுத்திவிடுவதில்லை. நீங்களாக நிறுத்தினால் வலி திரும்பிவர வாய்ப்பு அதிகம்.

‘ஹார்மோன் மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துவிடும், கல்யாணமானால் வலி தானாகப் போய்விடும்’ என்று வீட்டார் தடுப்பதும் வழக்கம். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தல்ல. டைனோஜெஸ்டை நிறுத்தியபின் மாதவிடாய் பழையபடி வரும். ஆனால் இந்த நோய்க்கான ஹார்மோன் மருந்துகள் கருத்தரிப்புக்கு உதவுவதில்லை. குழந்தை வேண்டுவோர் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டைனோஜெஸ்டைக் கருத்தடை மாத்திரையாக நம்பவும் கூடாது. பக்கவிளைவு பற்றிய பயத்தில் நியாயம் உண்டு. இதே நோய்க்குப் போடும் லியூப்ரோலைடு ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அதைத் தனியாக 6 மாதத்துக்கு மேல் தொடர்வதில்லை. கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியோ, ரத்தம் உறைந்து அடைத்த வரலாறோ இருப்பவர்களுக்கு இந்த நோய்க்குச் சிலருக்குத் தரும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுவோருக்கு ஹார்மோன் மாத்திரையின் பலன் குறைந்துவிடும். மனச்சோர்வு வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்டறியத்தான் மருத்துவர் வேண்டும். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தும், காலி அட்டையைக் காட்டினால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தடுக்கவேண்டிய அதிகாரிகள் இதில் காட்டும் மெத்தனத்துக்கு மன்னிப்பே இல்லை.

ஆகவே காகிதங்களைக் கையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதம், மறுபரிசோதனை எப்போது என நான்கும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட் எனப்படும் ரத்தக் கட்டி இருந்தால், அதன் அளவு குறித்த பழைய ஸ்கேன் அறிக்கை இல்லாமல் மாத்திரை வேலை செய்கிறதா என்று ஒப்பிட முடியாது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தரவேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு செய்த சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகவேண்டும். பில்லும் சீட்டும் இல்லாமல் அங்கே போனால் வழக்கு நிற்பது கடினம். மறுபடியும் சொல்கிறேன்: மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், பழைய அட்டையைக் காட்டித் தொடரவும் செய்யாதீர்கள்.