பாசிமணியும் பறையொலியும்

பாசிமணி மிகச் சிறிய பொருள். தனியே ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் கடுகைவிடச் சற்றே பெரிதாய்த் தோன்றும். கைதவறி விழுந்தால் தேடி எடுப்பது அரிது. ஆயினும், வட அமெரிக்காவின் பேரேரிக் கரைகளில் வாழும் ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்கள் இச்சிறு மணிக்கு வழங்கும் பெயர் பெரும் பொருள் கொண்டது. அதனை அவர்கள் ‘மனிடோமினென்ஸ்’ என்பர். ‘மனிடோ’ என்பது ஆவி அல்லது தெய்வ ஆற்றல்; ‘மின்’ என்பது கனி; இறுதியில் நிற்கும் விகுதி சிறுமையைக் காட்டுவது. ‘தெய்வச் சிறுகனி’ என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். அயல்நாட்டு வணிகர் மூட்டையிற் கொணர்ந்து விற்ற கண்ணாடி மணிக்கு இத்தகைய பெயரைச் சூட்டிய மக்கள் எத்தகையோர்? அம்மணியைக் கொண்டு அவர்கள் காத்த செல்வம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஒஜிப்வே மக்கள் தம்மை ‘அனிஷினாபே’ என்று அழைத்துக்கொள்வர். ஐக்கிய அமெரிக்காவில் மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோற்றா, வட டகோற்றா ஆகிய மாநிலங்களிலும், கனடாவில் ஒன்ராறியோ, மனிற்றோபா முதலிய மாகாணங்களிலும் இவர்தம் ஊர்கள் உள்ளன. சுப்பீரியர் என்னும் பேரேரியே இவர்களுடைய நிலத்தின் நடுவிடம் எனலாம். ஏரிகளில் தானே விளையும் காட்டரிசியைத் தோணியிற் சென்று தட்டிச் சேர்ப்பதும், மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை செய்வதும், பூர்ச்ச மரப்பட்டையால் தோணியும் கூடையும் சமைப்பதும் இவர்களுடைய பழந்தொழில்கள். ‘ஒஜிப்வே’ என்னும் பெயர்க்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று, இவர்கள் அணியும் தோற்செருப்பின் முன்புறத்திலுள்ள சுருக்குத் தையலைச் சுட்டுவது. அவ்விளக்கம் சரியாயின், தையல் வேலையினாலேயே பெயர்பெற்ற மக்கள் இவர்கள் என்று கொள்ளலாம்.

கண்ணாடி மணி வருவதற்கு முன்னரே இவர்களிடம் அலங்காரக் கலை வளர்ந்திருந்தது. முள்ளம்பன்றியின் முட்களை எடுத்து, வேர், பட்டை, கனி முதலியவற்றாற் சாயமூட்டி, நனைத்து மென்மையாக்கித் தோலிலும் மரப்பட்டையிலும் பதித்தனர். சிப்பி, எலும்பு, விதை, செம்பு ஆகியனவும் மணிகளாகப் பயன்பட்டன. பூர்ச்சப் பட்டையின் மெல்லிய ஏட்டை மடித்துப் பல்லாற் கடித்து, விரித்துப் பார்க்கும்போது பூவும் இலையும் தோன்றச் செய்யும் விந்தையான கலையும் இவர்களிடம் உண்டு.

பதினேழாம் நூற்றாண்டு முதல் மென்மயிர்த் தோல் வாங்க வந்த ஐரோப்பிய வணிகர் பண்டமாற்றுக்காகக் கண்ணாடி மணிகளைக் கொணர்ந்தனர். அவை முதலில் வெனிசு நகரிலும் பின்னர் பொகீமியாவிலும் செய்யப்பட்டவை. நூற்றுக்கணக்கான நீரெலித் தோல்களைக் கொண்டு செல்வோர்க்கு இம்மணிகள் மலிவான சரக்கு. பெற்றுக்கொண்ட பெண்களுக்கோ, சாயம் காய்ச்சும் உழைப்பின்றி, வெளுத்துப் போகாத நிறங்கள் ஆயிரமாயிரமாகக் கையில் வந்து சேர்ந்தன. முள்ளிற் செய்துவந்த கோலத்தை அவர்கள் மணியிற் செய்தனர். முள்ளாற் செய்ய இயலாத வளைவுகளையும் மணியாற் செய்தனர். காட்டு ரோசாவும், கொடியும், இலையும், அரும்பும் கருநிற வெல்வெற்றுத் துணியின்மேற் படர்ந்தன.

இவ்வேலை செய்யப்படும் முறையைச் சிறிது விளக்குதல் தகும். ஒரு முறை, மரச்சட்டத்தில் நூல்களைப் பாவோட்டி, அவற்றின் இடையே மணிகளை வரிசையாகக் கோத்து நெய்வது. இதனால் நேர்கோட்டுக் கோலங்கள் அமையும். மற்றொரு முறைக்கு இரண்டு நூல்கள் வேண்டும். ஒரு நூலில் மணிகளைக் கோத்துக் கோலத்தின் கோட்டின்மேற் கிடத்துவர். இரண்டாம் நூலால் இரண்டு அல்லது மூன்று மணிகளுக்கு ஒரு முறை குறுக்கே தைத்து அதனைத் துணியோடு பிணைப்பர். வளைந்த இதழுக்கும் சுருண்ட கொடிக்கும் ஏற்றது இம்முறையே. பூவின் ஓரத்தை முதலில் தைத்து, பின் உள்ளே வரிவரியாக நிரப்பிச் செல்வர். நூல் சிக்காதிருக்கத் தேன்மெழுகு பூசுவர். கோலத்தை முன்காலத்தில் பட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டனர். தாய் வெட்டிய அச்சு மகளுக்குச் சென்றது. மணி வேலையில் வேண்டுமென்றே ஒரு மணியை நிறம் மாற்றி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நிறைவு மனிதர்க்கு உரியதன்று என்னும் அடக்கத்தின் அறிகுறி அது.

இக்கலையின் சிகரமாகத் தோட்பையைக் குறிப்பிடலாம். அகன்ற பட்டியால் ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகத் தொங்கும் பை அது. ஐரோப்பியப் போர்வீரர் தோட்டா வைக்கும் பையிலிருந்து அதன் வடிவம் தோன்றியதென்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஜிப்வேப் பெண்கள் அதனை முழுதும் மணியால் மூடி, ஆடவர் விழாவில் அணியும் அரிய அணியாக்கினர். ஒரு பையைச் செய்து முடிக்கப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டு கூடச் செல்லும். அயலிலுள்ள டகோற்றா மக்கள் இத்தகைய பையொன்றுக்கு ஒரு குதிரையை மாற்றாகக் கொடுத்தனர் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்துப் பைகள் சிலவற்றிற் பொருள் வைக்கும் அறையே இல்லை. அவை எதனையும் சுமக்கச் செய்யப்படவில்லை. இன்று இப்பைகள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் அருகே பொருளின் பெயரும் காலமும் எழுதப்பட்டிருக்கும். தைத்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது.

மணி தனித்து ஒளிர்வதன்று. அது ஆடும் உடலோடும் முழங்கும் பறையோடும் சேர்ந்தே நிறைவு பெறுகிறது. அவ்வாறு சேரும் இடமே ‘பவ்வாவ்’ எனப்படும் ஆடல் விழா. இச்சொல் அமெரிக்காவின் கீழ்க்கரையில் வாழ்ந்த வேறொரு குடியினரின் மொழியிலிருந்து ஆங்கிலத்தின் வழியே பரவியது. முதலில் அது மருத்துவமும் மந்திரமும் அறிந்த பெரியோரைக் குறித்தது. ஒஜிப்வே மொழியில் இவ்விழாவுக்கு ‘நீமி இதிவின்’ என்று பெயர். அதன் நடுவில் வைக்கப்படும் பெரும்பறையைப் பற்றி ஒரு மரபு வழங்குகிறது. 1870களில் டகோற்றாப் பெண்ணொருத்தி படைவீரர்க்கு அஞ்சி ஏரியில் ஒளிந்திருந்தபோது, பறையொன்று செய்து மக்களிடையே அமைதியை நிலைநாட்டும்படி அவளுக்குத் தெய்வக் காட்சி கிட்டியதாம். டகோற்றா மக்களும் ஒஜிப்வே மக்களும் நெடுங்காலம் பகைவர். அப்பகைவர் கையிலிருந்தே ஒஜிப்வே மக்கள் பறையையும் அதற்குரிய பாடல்களையும் அமைதிக் காணிக்கையாகப் பெற்றனர்.

இவ்வாடல்களுக்கு அரசு தடை விதித்தது. 1883ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு இயற்றிய குற்றவிதிகளின்படி, பழங்குடியினரின் சமய ஆடல்களிற் கலந்துகொள்வோர்க்கு உணவுப் பங்கீட்டை நிறுத்தவும் அவர்களைச் சிறையிடவும் அதிகாரிகளுக்கு உரிமை அளிக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டிலும் ஆடலைக் கட்டுப்படுத்துமாறு சுற்றறிக்கை ஒன்று சென்றது. கனடாவிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன; அவை 1951ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. மக்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். யூலை 4ஆந் திகதி அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று கொடியேற்றி மகிழ்வதை எந்த அதிகாரி தடுக்க முடியும்? அந்நாளையே தம் ஆடலுக்குரிய நாளாகப் பலர் கொண்டனர். அரசின் கொடியையே மணியில் தைத்து அணிந்து, அரசு விலக்கிய ஆடலை ஆடினர்.

சட்டத்தினும் ஆழமாகத் தாக்கியது பாடசாலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையிற் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதனைக் கூறும்போது என் குரல் தாழ்கிறது. 1879ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் பழங்குடிச் சிறுவர்க்கென விடுதிப் பாடசாலை ஒன்று நிறுவப்பட்டது. 1918 வரை அது நடைபெற்றது. அதனைப் பின்பற்றிப் பல தோன்றின. பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து தொலைவிற் கொண்டுசென்று, கூந்தலைக் கத்தரித்து, உடையை மாற்றி, தாய்மொழி பேசினாற் தண்டித்தனர். வீட்டில் பெற்ற அறிவை அழித்தாலன்றிக் கல்வி புகாது என்பதே அப்பாடசாலைகளின் கொள்கை. கனடாவின் அரசு 2008ஆம் ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி 2024ஆம் ஆண்டிலும் இதற்காக மன்னிப்புக் கேட்டனர். ஆனால், பாட்டியின் மடியருகே அமர்ந்து ஊசியில் நூல் கோக்க வேண்டிய வயதைத் தொலைவிற் கழித்த பிள்ளைக்கு அவ்வயது திரும்பவில்லை.

இத்துணை இடர்களுக்கு நடுவே, அதே காலத்தில், புதியதோர் ஆடலும் பிறந்தது என்பதே வியப்புக்குரியது. 1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய கொடிய இன்புளுவென்சா நோய் ஒஜிப்வே ஊர்களையும் வாட்டியது. நோயுற்ற சிறுமி ஒருத்தியின் தந்தை கனவொன்று கண்டார். அதில் தோன்றிய ஆடையைச் செய்து மகளுக்கு அணிவித்து, சில அடிகளை ஆடக் கற்பித்தார். அவள் மெல்ல மெல்ல ஆடி நலம் பெற்றாள் என்பது மரபு. மினசோற்றாவின் மில் லாக்ஸ் மக்களும், ஒன்ராறியோவின் வைற்பிஷ் பே மக்களும் இவ்வரலாற்றைத் தத்தம் ஊரோடு சேர்த்துக் கூறுவர். ரெட் லேக் ஒஜிப்வே மரபில் வந்த வரலாற்றாசிரியர் பிரெண்டா சைல்ட், இவ்வாடல் அப்பெருந்தொற்றின் காலத்திற் பிறந்ததை எடுத்துக்காட்டி, தடையுள்ள நாளில் அதனை ஆடிய பெண்களின் துணிவையும் விளக்கியுள்ளார்.

அவ்வாடையை நாம் கிண்கிணி ஆடை என்று அழைப்போம். வரிவரியாகத் தொங்கும் தகரக் கூம்புகள் அதன் சிறப்பு. கூம்புகளுக்கான தகரம் எங்கிருந்து கிடைத்தது? புகையிலைத்தூள் அடைத்து விற்கும் பேணிகளின் மூடிகளை எடுத்துச் சுருட்டிக் கூம்பாக்கினர். கடையில் வாங்கிய பேணியின் கழிவு, நோய் தீர்க்கும் ஒலியாயிற்று. ஆடுவோர் பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் உயர்த்தாது அடியெடுத்து வைக்க, கூம்புகள் ஒன்றோடொன்று உரசி மழை பெய்வது போன்ற ஓசை எழும். இன்றும் நோயாளியின் உறவினர் ஆடுபவளிடம் புகையிலையைக் காணிக்கையாகக் கொடுத்து, தம்மவர்க்காக ஆடும்படி வேண்டுவதுண்டு.

இக்காலத்துப் பவ்வாவ் பெரும்பாலும் கோடையில், திறந்த வெளியில் நடைபெறும். மினசோற்றாவின் வைற் எர்த் ஊரில், 1868ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி தம் முன்னோர் அங்கு வந்து குடியேறியதை நினைந்து ஆண்டுதோறும் விழா எடுப்பர். முதலில் பெருநுழைவு. கழுகின் இறகுகள் பொருத்திய கோலையும் கொடிகளையும் ஏந்திப் படையிற் பணிபுரிந்தோர் முன்செல்ல, ஆடுவோர் அனைவரும் களத்திற் புகுவர். அவ்வேளை பார்வையாளர் எழுந்து நிற்பர். ஒரு பறையைச் சூழ்ந்து பலர் அமர்ந்து ஒன்றாய் அடித்துப் பாடுவர். கழுகிறகு ஒன்று கீழே விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். உரிய சடங்கோடு அதனை எடுத்த பின்னரே தொடரும். ஆடுவோர் அணிவதை வேடம் என்று கூறுதல் பிழை. வேடம் பிறராகத் தோன்றுவதற்கு. இவ்வுடையோ அணிபவர் எக்குடும்பத்தவர், யார் கையால் தைத்தது என்பதைக் காட்டுவது. அனுமதி பெறாமல் அதனைத் தொடுவதும் படமெடுப்பதும் தகா. எல்லோரும் ஆடலாம் என்று அறிவிக்கும் பாட்டு வரும்போது அயலாரும் களத்திற் புகலாம்.

விழாவிற் பல ஆண்டுகள் கலந்தோரின் நினைவில் நிற்பவை பெரும்பாலும் சிறு செய்திகளே: விழாவுக்கு முந்திய இரவில் பிள்ளையின் செருப்பில் கடைசிப் பூவைத் தைத்து முடிக்க விளக்கருகே விழித்திருந்த தாய், காட்டரிசிக் கஞ்சியின் மணம், பறையோசையிலேயே உறங்கிப்போன குழந்தை. 2020ஆம் ஆண்டில் மற்றொரு பெருந்தொற்று வந்து விழாக்கள் நிறுத்தப்பட்டபோது, பெண்கள் தத்தம் வீட்டு முற்றத்தில் கிண்கிணி ஆடை அணிந்து நோயாளர்க்காக ஆடினர். அக்காட்சிகளைக் கணினி வழியே தொலைவிலுள்ளோர் கண்டனர். நூறாண்டுக்கு முன் ஒரு சிறுமிக்காகத் தோன்றிய ஆடல், தேவை வந்தபோது தயாராக இருந்தது.

நேயர்களே, இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கள். மணி வெனிசில் இருந்து வந்தது. பையின் வடிவம் போர்வீரனிடமிருந்து வந்தது. பறை பகைவரிடமிருந்து வந்தது. தகரம் கடைப் பேணியிலிருந்து வந்தது. ஆடும் நாளைக்கூட அரசின் நாட்காட்டியிலிருந்து எடுத்துக்கொண்டனர். எனினும் இவையெல்லாம் சேர்ந்து எழுந்த கலை ஒஜிப்வே மக்களுக்கே உரியதாக விளங்குகிறது. பிறரிடமிருந்து பெறுவதால் ஒரு மரபு அழிவதில்லை. கொடுக்கும் கையையும் பெறும் கையையும் பிரிக்கும்போதே அழிகிறது. பாட்டியிடமிருந்து பேர்த்திக்குச் செல்லும் ஊசியை எவரும் இடையிற் பறிக்காதிருந்தாற் போதும். கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம், ஒரு பிள்ளை பாடசாலை வாயிலுக்குள் நுழையும்போது அதன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலிற் பார்க்கப் பழகவேண்டும்.