அகப்படமும் அடையாளமும்: இல்லத்தில் தாமே எடுத்துக்கொள்ளும் காதல் ஒளிப்படங்கள் – சென்னையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

காதலரும் கணவன் மனைவியரும் தம் நெருக்கத்தை வீட்டறையில், பிறர் துணையின்றித் தாமே படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் கைப்பேசியின் வரவால் எளிதாகியுள்ளது. இப்படங்களின் அழகியலும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அகப்பொருள் மரபின் ‘பெயர் சுட்டாமை’ என்னும் விதியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் வீட்டமைப்பும் வெளிச்சமும், நடப்பிலுள்ள சட்டங்களும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அகம், பெயர் சுட்டாமை, ஒளிப்படம், அந்தரங்கம், உடன்பாடு, சென்னை

முன்னுரை

இவ்வகைப் படங்களை மேலைநாட்டார் ‘பூதுவார்’ படங்கள் என்பர். பூதுவார் என்பது பெண்ணின் தனியறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். முகம் கோணுதல், பிணங்குதல் என்னும் பொருளுடைய ‘பூதே’ என்ற வினையடியாக அது பிறந்தது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் தேடுவோர்க்கு ஊடல் என்பது முன்வந்து நிற்கும். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். திருக்குறளின் காமத்துப்பால் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களோடு நிறைவுறுகிறது. எனவே சொல் புதிதாயினும் அச்சொல் சுட்டும் இடமும் உணர்வும் தமிழுக்குப் புதியன அல்ல.

அகமும் பெயர் சுட்டாமையும்

அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைமக்கள் எவரது இயற்பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. காதலைப் பாடலாம், இன்னார் காதல் எனக் காட்டலாகாது. இவ்விதியின் கூர்மையை நெடுநல்வாடை உணர்த்துகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இதனை இயற்றியவர் நக்கீரர். அரசியின் பள்ளியறை, யானைத் தந்தத்தால் அமைந்த கட்டில், அணிகலன் களைந்து தனித்திருக்கும் தலைவியின் மேனி, மேற்கட்டியில் தீட்டிய திங்களும் உரோகிணியும் என அறையின் உட்புறத்தை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் பாட்டு சங்க இலக்கியத்துள் அரிது. இருப்பினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் எனக் கொண்டார். பாசறையில் அரசனுடன் செல்லும் வேலின் தலையில் கட்டிய வேம்பு, பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதே காரணம். பெயர் எங்கும் இல்லை. ஓர் அடையாளம் மட்டுமே உண்டு. அகத்தைப் புறமாக்க அது போதுமானதாயிற்று.

வீட்டில் எடுக்கும் அந்தரங்கப் படத்திற்கும் இதுவே அளவுகோலாகத் தக்கது. ஒரு படத்தைப் புறத்தார் கையில் ஆபத்தாக மாற்றுவது மேனி மட்டுமன்று. அம்மேனி இன்னாருடையது எனக் காட்டும் அடையாளமும் ஆகும்.

மூன்றாவது கண்

ஒளிப்பட வரலாற்றில் இத்தகைய படத்திற்குப் பெருந்தடை, பார்க்கும் மூன்றாம் நபரே. ஸ்டூடியோவில் படம்பிடிப்பவர் உடனிருந்தார். அதனால் தம்பதியர் படங்கள் திரைச்சீலையின் முன் விறைத்து நின்ற, ஊரறியக் காட்டத்தக்க படங்களாகவே அமைந்தன. பெண்கள் அந்நிய ஆடவர் முன் அமரத் தயங்கிய காலத்தில், 1892இல் தீனதயாள் ஐதராபாத்தில் பெண்களுக்கெனத் தனி ஸ்டூடியோ அமைத்துப் பெண்ணொருவர் பொறுப்பில் விட்டார். வீட்டுக்குள்ளேயே தம்மையும் தம் குடும்பத்தாரையும் பல்லாண்டுகள் படமெடுத்த உம்ராவ் சிங் சேர்கில் (1870–1954) இந்தியத் தற்படக் கலையின் முன்னோடியருள் ஒருவர். ஓவியர் அம்ரிதா சேர்கில் இவர் மகள்.

படச்சுருள் வந்தபின் படக்கருவி வீட்டுக்குள் நுழைந்தது. ஆயினும் சுருளைக் கழுவும் கடைக்காரரின் கண் எஞ்சியது. 1948இல் விற்பனைக்கு வந்த போலராய்டு உடனடிப்படம் அந்தக் கண்ணையும் நீக்கியது. பிரதியும் ஒன்றே ஒன்றுதான். கைப்பேசியோ மூன்றாமவரை அறையிலிருந்து அகற்றிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத சேமிப்பகத்தில் குடியேற்றியது. படம் எடுத்த மறுகணமே இணையவழிச் சேமிப்புக்கும், அதே கணக்கில் இணைந்த வீட்டுக் கணினிக்கும், கூடத்துத் தொலைக்காட்சிக்கும் அது சென்றுவிடக்கூடும். ஆகவே படம் எடுப்பதன் முதற்படி தானியங்கிச் சேமிப்பை நிறுத்துவதே. விளக்கை அமைப்பது அதன்பின் வருவது.

சென்னை வீடும் வெளிச்சமும்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்டவை. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருப்பதால் வெளிச்சம் முற்றத்தின் வழி மேலிருந்து இறங்கும். மேலிருந்து விழும் ஒளி கண்குழியிலும் மோவாயின் கீழும் நிழலை இறக்கும். அதனால் முற்றத்தின் நடுவே அமராமல், அதனை ஒட்டிய தாழ்வாரத்திலோ அறை வாயிலிலோ அமர்ந்து முகத்தைச் சற்றே உயர்த்துதல் நன்று. 1920களில் மாம்பலம் ஏரிப்பகுதியில் உருவான தியாகராய நகரில் தோட்ட வீடுகள் பல அடுக்ககங்களாக மாறிவிட்டன. எதிர்ச் சுவர் சில அடி தொலைவிலேயே நிற்கும். அச்சுவர் வெள்ளையாயின் அதுவே நல்ல ஒளித்தட்டி; ஆனால் எதிர்ச் சன்னலும் அதே அளவு நெருக்கத்தில் இருக்கும். அடையாற்றின் மரமடர்ந்த தெருக்களிலோ இலைகளின் ஊடே வரும் ஒளி பசுமை கலந்து மேனி நிறத்தைத் திரித்துக் காட்டும்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே சாயும். ஆதலின் ஆண்டின் பெரும்பகுதி வடக்குச் சன்னல் நேர்வெயில் படாத மென்மையான ஒளியைத் தரும். கோடையிலும் பிற சன்னல்களிலும் வெயில் நேரே விழுமாயின் ஒரு வெள்ளை வேட்டியைச் சன்னலில் தொங்கவிட்டால் ஒளி பரவி மென்மையாகும். மற்றொன்றை எதிர்ப்புறத்து நாற்காலியில் விரித்தால் நிழல் வெளுக்கும். மின்குழல் விளக்கை அணைத்துவிடல் வேண்டும். இருவேறு நிற ஒளி கலந்தால் தோலின் நிறம் கெடும். குளிரூட்டிய அறையிலிருந்து முற்றத்துக்கோ மாடத்துக்கோ கைப்பேசியைக் கொண்டுசென்றால் கடற்கரை நகரின் ஈரக்காற்று கண்ணாடிவில்லையில் பனிக்கும். சிறிது பொறுத்துத் துடைத்தபின் எடுக்கலாம்.

கருவியும் அடையாளமும்

கைப்பேசியை மிக அருகில் வைத்தால் அதற்கு அண்மையிலுள்ள கையும் காலும் பெருத்துத் தோன்றும். ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில், இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிறுத்தி, இருமடங்கு நெருக்கிக் காட்டும் வில்லையைப் பயன்படுத்துதல் தகும். 10 நொடி நேரங்காட்டி இருவருக்கும் இடத்தில் அமரப் போதிய அவகாசம் தரும். நேரங்காட்டிக்கு அமர்ந்த உடல் விறைக்குமாயின் 4கே காணொளியாக எடுத்து அதிலிருந்து ஒரு சட்டகத்தைப் பிரிக்கலாம். அச்சட்டகத்தில் உள்ள ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் 12 அங்குல அகல அச்சுக்கும் போதும். பிரித்தபின் குரலும் பதிந்த மூலக்காணொளியை நீக்கிவிடுதல் முறை.

இங்கேதான் நெடுநல்வாடையின் வேம்பு நினைவுக்கு வரல் வேண்டும். பீரோவின் கண்ணாடி அறையின் மறுபுறத்தை முழுதும் காட்டும். நாட்காட்டியில் அச்சிட்ட கடைப்பெயர், சுவரிலுள்ள குடும்பப்படம், சன்னலில் தெரியும் கோபுர நுனி, தனித்த வடிவுடைய தாலி, மச்சம், பச்சை ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும், முதுகு, தோள், பின்னல், விரல் ஆகியவற்றை மட்டும் ஒளியில் நிறுத்துதலும் பாதுகாப்புக்கு உதவுவதோடு, காண்பவர் உள்ளத்தில் குறிப்பாகப் பொருளுணர்த்தும் அகமரபின் அழகையும் படத்திற்குத் தரும். படக்கோப்பினுள் எழுதப்படும் நாளும் இடமும் கண்ணுக்குப் புலப்படாத அடையாளங்கள். இடப்பதிவை முன்னரே நிறுத்திவிடலாம். நீக்கிய படங்கள் குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள்களோ அதற்கு மேலோ தங்கும் என்பதால், கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்முன் அதனையும் வெறுமையாக்குதல் வேண்டும்.

உடன்பாடும் சட்டமும்

அன்பின் ஐந்திணைக்கு ஒத்த அன்பு அடிப்படை. ஒருதலை விருப்பம் கைக்கிளையாய் விலகும். படத்திற்கும் இருவர் உடன்பாடு தேவை. அவ்விருவரும் 18 வயது நிறைந்தோராய் இருத்தல் இன்றியமையாதது. எடுப்பதற்கு இசைந்தமை பிறர்க்குக் காட்டுவதற்கு இசைந்தமை ஆகாது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354சி பிரிவு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே ஏற்றது. படமெடுக்கப் பெண் இசைந்திருந்தும் பரப்ப இசையாதபோது பரப்புதல் குற்றம் என்பது அதன் விளக்கம். 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 77ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் இருபாலாரின் அந்தரங்க உறுப்புப் படத்துக்கும் காப்பளிக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் ஆக்கியோர் அதனை எடுத்தவரே. தாமே எடுத்த படத்தின் உரிமை தமக்கே உரியதாதல் இம்முறையின் மற்றொரு நன்மை.

2025 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதன் கனத்தை உணர்த்தும். தம் அந்தரங்கப் பதிவுகள் இணையத்தில் பரவியதால் துன்புற்ற பெண் வழக்கறிஞர் ஒருவர் முறையிட்டபோது, அவற்றை 48 மணி நேரத்துள் அகற்றுமாறு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் நடுவண் அரசின் அமைச்சகத்துக்கு ஆணையிட்டார். வழக்கில் அவர் பெயர் மறைக்கப்பட்டது. புறத்தே இழுக்கப்பட்ட ஒருவரைக் காக்க நீதிமன்றம் கைக்கொண்ட முதற்கருவிகளுள் பெயர் சுட்டாமையும் ஒன்று என்பது நோக்கத்தக்கது. இவ்வாறு பாதிக்கப்படுவோர் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை நாடலாம். சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும் நேரே முறையிடலாம்.

முடிவுரை

அந்தரங்கப் படம் எடுப்பது நாணத்தக்க செயலென ஒதுக்குவோரும், அதனை வெறும் தொழில்நுட்ப விளையாட்டெனக் கொள்வோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பள்ளியறையைத் தமிழ் இலக்கியம் கூசாமல் காட்டியது. காட்டும்போது எவரைக் காட்டலாகாது என்பதற்கும் வரம்பு வகுத்தது. ஒளி, கோணம், தொலைவு, சேமிப்பு, உடன்பாடு ஆகிய அனைத்தையும் அவ்வரம்புக்குள் வைத்து எண்ணும்போது படம் அழகும் காப்பும் ஒருங்கே பெறுகிறது. படம் பரவிய பின்னர்க் குற்றம் எடுத்தவருடையதன்று, பரப்பியவருடையதே என்பதில் சட்டம் தெளிவாக உள்ளது. பரவுமுன் காக்கும் வழியோ படச்சட்டகத்துக்குள் வேம்பு தென்படாமல் பார்த்துக்கொள்வதில் உள்ளது.